இது யாருடைய கல்லறை?

வேத பாடம்: 2 இராஜாக்கள் 23:15-18, நெகேமியா 7:5, 61-65



சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில் ஆண்கள் வார்டில் படுக்கை படுக்கையாகச் சென்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தினால் வலது கையும் பேச்சும் இழந்த ஒரு நெசவாளர் அங்கே இருந்தார். அவர் மனைவி அருகில் நின்றார். இருவரும் இதே ஓரிக்கையைச் சேர்ந்தவர்கள். பேச்சுவாக்கில், நான் இளம் வயதில் உதவி ஆயராக இருந்த ஊரின் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் சட்டென்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஐயா, அது எங்க அம்மா வீட்டு ஊரு. மொதப் பிரசவத்துக்கு அங்கதான் போனேன். பையன் ரெண்டாம் நாளே போயிட்டான். நான் ஆஸ்பத்திரியிலே படுத்துக் கெடந்தேன். நீங்களும் இவருமா கொண்டுபோய் வெச்சீங்க. எந்த எடத்துல வெச்சீங்கன்னு இவருக்குத்தான் தெரியும். கேட்டா அழுவாருன்னு இத்தனை வருஷமா கேக்கல. இப்போ கேக்கலாம்னா இவரால சொல்ல முடியல.”

அது 1989-ஆம் ஆண்டு. எனக்கு அந்த அடக்கம் நினைவில் இல்லை. “பதிவேட்டில் இருக்கும் அம்மா, பார்த்துச் சொல்லுகிறேன்” என்றேன். அந்த வாக்கை நிறைவேற்றப் புறப்பட்டபோது நான் கற்றுக்கொண்டவற்றையே இம்முறை பாடமாக எழுதுகிறேன். நம் பழைய கல்லறைத் தோட்டங்களில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கும், அவற்றைப் பாதுகாக்கும் சபைகளுக்கும் இது உதவக்கூடும்.

1. ராஜா கேட்ட கேள்வி

யோசியா ராஜா பெத்தேலில் இருந்த பலிபீடத்தை இடித்தான். மலையிலிருந்த கல்லறைகளைத் திறந்து எலும்புகளை எடுத்துச் சுட்டெரித்தான். அந்த வேகத்திலும் ஒரு கல்லறை அடையாளம் அவன் கண்ணில் பட்டது. அது என்ன என்று கேட்டான். அது யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனின் கல்லறை என்று அவ்வூரார் பதில் சொன்னார்கள். யோசியா அதைத் தொடவேண்டாம் என்று கட்டளையிட்டான்.

அந்த மனுஷன் அடக்கம்பண்ணப்பட்டது யெரொபெயாமின் காலத்தில். இடையில் ஏறக்குறைய 300 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனாலும் ஊராருக்கு விவரம் தெரிந்திருந்தது. கல் நின்றுகொண்டிருந்தது, அது யாருடையது என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள், கேட்க ஒருவன் வந்தான். இந்த மூன்றும் சேர்ந்ததினால் ஒரு கல்லறை காப்பாற்றப்பட்டது. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தால், பெத்தேலிலிருந்த கிழவனான தீர்க்கதரிசியும் அதே கல்லறையில் வைக்கப்படும்படி தன் குமாரருக்குச் சொல்லியிருந்ததை அறிகிறோம். ஒரு கல்லுக்குக் கீழே இரண்டு பேருடைய கதை இருந்தது.

நெகேமியாவின் புஸ்தகம் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சிறையிருப்பிலிருந்து திரும்பிய சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் காணவில்லை; அதனால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு வம்சத்தாரின் முற்பிதா பர்சிலாயின் குமாரத்திகளில் ஒருத்தியை விவாகம்பண்ணி, மனைவி வீட்டுப் பெயரையே தரித்துக்கொண்டவன். பெயர் மாறியது, இழை அறுந்தது. பதிவேடு வெறும் காகிதமல்ல என்பதை அவர்கள் அனுபவித்து அறிந்தார்கள்.

2. கல்லை வாசிக்கும் முறை

முதலாவது, கல்லைக் காயப்படுத்தாதிருங்கள். கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள், சிமெண்டுப் பூச்சு எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத எழுத்து, பக்கவாட்டில் ஒளி விழும்போது நிழலோடு எழுந்து நிற்கும். அந்த நேரத்திலேயே புகைப்படம் எடுங்கள்.

இரண்டாவது, இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடே எழுதுங்கள். திருத்தத்தைத் தனியாகக் குறியுங்கள். சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பாதேயுங்கள். அடுத்தடுத்த கல்லறைகளையும் வரைபடமாக எழுதிக்கொள்ளுங்கள். தாயும் பிள்ளையும், அண்ணனும் தம்பியும் பக்கம் பக்கமாகக் கிடப்பது உண்டு. சில சபைகளில் சாதிவாரியாகவும் இடம் பிரித்தார்கள் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். அதுவும் வரைபடத்தில் தெரியும். அதை மறைக்கக் கூடாது.

மூன்றாவது, ஆண்டைக் கவனியுங்கள். பழைய தமிழ்க் கற்களில் தமிழ் எண்கள் இருக்கலாம். ௲௮௱௬௰௭ என்றால் 1867. ‘௧’ என்னும் எண் ‘க’ போலவும், ‘௭’ என்பது ‘எ’ போலவும், ‘௮’ என்பது ‘அ’ போலவும் இருப்பதால், எண்ணைப் பெயரின் தலைப்பெழுத்து என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. சிலர் தமிழ் வருஷப் பெயரை மட்டும் எழுதுவார்கள். அது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றால் 1867-இல் தொடங்கிய ஆண்டா, 1927-இல் தொடங்கியதா என்று வேறு சான்றைக்கொண்டே தீர்மானிக்கவேண்டும். 1752-க்கு முற்பட்ட ஆங்கிலக் கற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அக்காலத்தில் இங்கிலாந்தின் புத்தாண்டு மார்ச் 25 அன்று தொடங்கியது. ஆகவே கல்லில் 1687 ஜனவரி என்று இருந்தால், நம் கணக்கில் அது 1688 ஜனவரி.

நான்காவது, வந்தவர்களின் வழக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். காஞ்சிபுரம் பகுதியில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் ஊழியம் செய்தார்கள். ஸ்காட்லாந்துக் கல்லறைகளில் மணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் பொறிக்கும் வழக்கம் உண்டு. அந்த ஒரு சொல்லினால் அவளுடைய தகப்பன் வீட்டுக்கு வழி திறக்கிறது. மாறாக, ஆங்கிலக் கற்களில் ‘ரெலிக்ட்’ என்று கண்டால் அது பெண்ணின் பெயரல்ல. விதவை என்பதற்கான பழைய சொல்.

3. பதிவேட்டைத் திறப்பது

கல் பேசி முடித்த இடத்தில் பதிவேடு பேசத் தொடங்குகிறது. அடக்கப் பதிவேட்டில் மரித்த நாள், அடக்கம்பண்ணப்பட்ட நாள், பெயர், வயது, தொழில், மரணத்தின் காரணம், ஆராதனை நடத்தியவர் ஆகிய விவரங்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். அதை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஞானஸ்நானப் பதிவேட்டையும் விவாகப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நெசவு அறிந்த இவ்வூராருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாவு மட்டும் இருந்தால் புடவை ஆகாது, ஊடையும் ஓடவேண்டும்.

நம்முடைய பெயர்கள் தேடுகிறவர்களை அலைக்கழிக்கும். ஞானஸ்நானத்தில் பெயர் மாறும். தகப்பன் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கும். பெண்கள் ‘இன்னாரின் மனைவி’ என்றே எழுதப்பட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிய குருமார் ஞானமுத்து என்ற ஒரே பெயரை ஒருவர் ‘ஜி’ எழுத்திலும் மற்றவர் ‘என்’ எழுத்திலும் தொடங்கியிருப்பார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் நாள், ஊர், தகப்பன் பெயர் ஆகியவற்றையும் ஒத்துப்பாருங்கள்.

உள்ளூரில் கிடைக்காவிட்டால் வேறு இடங்கள் உண்டு. சென்னை மாகாணத்தில் ஐரோப்பியருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் நடந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன; 1698 முதலான பதிவுகள் அவற்றில் அடங்கும். ஸ்காட்லாந்து மிஷனின் காகிதங்களில் பெரும்பகுதி எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கிறது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகமும் சபைப் பதிவுகளைக் காத்துவருகிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் வெளியிட்டார். இன்று அழிந்துபோன கல்லின் வாசகமும் அதில் கிடைக்கக்கூடும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதற்கு முற்பட்ட பதிவுகளைத் தேடுகிறவர்கள், அந்தச் சபை அப்போது எந்த மிஷனைச் சேர்ந்தது என்று முதலில் கேட்கவேண்டும்.

4. கல் மட்டும் சொல்லாத குடும்பம்

இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் உயரமான ஒரு கல்லறைக் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் அங்கே கோட்டையைச் சேர்ந்த ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டம் இருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையை முற்றுகையிட்டபோது அக்கல்லறைகள் எதிரிகளுக்கு மறைவிடமாயின. பிற்பாடு பெரும்பாலான கற்களைப் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் பரிசுத்த மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். 1652-இல் மரித்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கே இருக்கிறது. ஆகவே அந்த ஆலயத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் பார்ப்பது கற்களை. சரீரங்கள் இருப்பது வேறிடத்தில். கல் இருக்கும் இடமே கல்லறை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பழைய இடத்திலேயே விடப்பட்ட அந்த உயர்ந்த கல்லறை, ஜோசப் ஹின்மர்ஸ் என்பவருக்கும் டேவிட் யேல் என்ற சிறுவனுக்கும் உரியது. பெயர்கள் வேறு, குலமும் வேறு. இவ்விருவரும் ஏன் ஒரே இடத்தில் இருக்கிறார்கள்? பதில் ஆலயத்தின் விவாகப் பதிவேட்டில் இருக்கிறது. ஹின்மர்ஸ் 1680-இல் மரித்தார். அவர் மனைவி கேத்தரின் அதே ஆண்டு நவம்பரில் எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டையான அந்த ஆலயத்தின் முதல் விவாகம் அதுவே. எலிஹு யேல் பின்னர் சென்னையின் கவர்னர் ஆனார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. டேவிட் அவர்களுடைய மகன். முதல் கணவனையும் இரண்டாம் கணவனின் பிள்ளையையும் ஒரே கல்லறையில் இணைக்கும் இழை ஒரு தாய். தேடும்போது தாயை மறந்துவிட்டால் பாதிக் குடும்பம் மறைந்துபோகும்.

இன்னொன்று யாழ்ப்பாணத்து உடுவிலில் நடந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824-இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். 1833-இல் அங்கேயே மரித்தார். கணவர் மைரன் வின்ஸ்லோ ஐயர் பின்னர் சென்னைக்கு வந்து, 1862-இல் வெளியான பெரிய தமிழ் ஆங்கில அகராதியை முடித்தார். 1864-இல் தாய்நாட்டுக்குத் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவில் மரித்தார். கணவன் ஒரு கண்டத்திலும் மனைவி வேறொரு தீவிலும் நித்திரையடைந்தார்கள். அவர்கள் மகள், மிஷனரியான ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்தாள். அந்த மகளின் பேரனே, 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ். ஒரே தோட்டத்தில் நின்று ஒரு குடும்பத்தை முழுவதும் காணமுடியாது. பிள்ளைகளின் கால்தடத்தைப் பின்பற்றி நடக்கவேண்டும்.

5. கல் இல்லாதவர்கள்

காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள புள்ளலூருக்கு நம்மில் அநேகர் போயிருக்கமாட்டோம். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியின் சேனை கர்னல் பெய்லியின் படையை அங்கே முறியடித்தது. சிறைபிடிக்கப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மரித்தார். 34 ஆண்டுகள் கழித்து, 1816-இல், அவர் உறவினர் ஒருவர் அவருக்கு அங்கே நினைவு மண்டபம் கட்டினார். புள்ளலூரிலேயே 1781 ஆகஸ்ட் 27 அன்று மறுபடியும் யுத்தம் நடந்தது. அதில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய இரண்டு தூண்கள், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் நிற்கின்றன.

இரண்டு தூண்கள், இரண்டு பெயர்கள். ஆனால் இரு பக்கத்திலும் விழுந்த சிப்பாய்களும், சுமை தூக்கினவர்களும், மாடு ஓட்டினவர்களும் எத்தனை பேர்! அவர்களுக்குக் கல் நாட்ட ஒருவரும் வரவில்லை. பெய்லிக்குத் தேடி வந்து மண்டபம் கட்ட உறவினர் இருந்தார். ஆகவே கற்களை மட்டும் எண்ணிக்கொண்டு, இதுவே வரலாறு என்று சொல்லிவிட முடியாது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் அப்படியே. மிஷனரிக்குப் பளிங்குப் பலகை; ஆஸ்பத்திரியில் மரித்த ஏழைக்கு மரச்சிலுவை. அதையும் இரண்டு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிடும். கல் இல்லாதவருக்கு மிஞ்சுவது பதிவேட்டின் ஒரு வரி மாத்திரமே.

6. நான் எழுதாமல் விட்ட வரி

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன்.

நான் முன்பு ஊழியம் செய்த அந்தச் சபைக்குச் சென்று, 1989-ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன். அவர் சொன்ன மாதத்தில் மூன்று சிசுக்களின் பதிவு இருந்தது. மூன்றும் என் கையெழுத்து. மூன்றிலும் ‘ஆண் குழந்தை’ என்று எழுதி, நாள் கணக்கில் வயதைக் குறித்திருந்தேன். தாயின் பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. தோட்டத்தில் எந்த இடம் என்றும் இல்லை. கட்டங்கள் இருந்தன, நான் கோடு கிழித்திருந்தேன். இரண்டு நாள் குழந்தைக்கு இவ்வளவு போதும் என்று அந்த நாளில் நினைத்திருக்கவேண்டும். வேதபாடத்தில் நெகேமியாவைப் பலமுறை போதித்த எனக்கு, அந்தக் கோடுகளைப் பார்த்தபோது நா எழவில்லை.

பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். அதே மாதத்தில், உயிருக்கு ஆபத்தான நிலையில் வார்டிலேயே கொடுக்கப்பட்ட ஒரு ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது. கொடுத்தவர் ஒரு நர்ஸ். அவர் சொல்லக்கேட்டு மூத்த ஆயர் முழு விவரமும் எழுதியிருந்தார்: பெற்றோர் பெயர், தகப்பன் ஊர் ஓரிக்கை, தொழில் நெசவு. குழந்தைக்குப் பெயரும் இருந்தது. நாளை ஒத்துப்பார்த்தபோது மூன்று அடக்கங்களில் எது அந்தக் குழந்தையுடையது என்று தெளிவாயிற்று. அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அது அந்தத் தாயினுடையது.

இடம் தெரியவேண்டியிருந்தது. அக்காலத்தில் குழி வெட்டியவர் மரித்துவிட்டார். அவர் மகன், “குழந்தைங்கள எல்லாம் வேப்பமரத்தடியிலதான் வெப்பாங்க” என்றார். ஓரிக்கைக்குத் திரும்பி, படுக்கையிலிருந்த தகப்பனாரிடம் கேட்டேன். ‘ஆம்’ என்றால் கண்ணை மூடும்படி சொன்னேன். வேப்பமரமா என்று நேராகக் கேட்டால், எனக்காக ஒத்துக்கொண்டுவிடுவாரோ என்ற பயம். ஆகையால் வாசல், வேப்பமரம், கிணறு, பின்சுவர் என்று நான்கு இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுநாள் வரிசையை மாற்றி மறுபடியும் சொன்னேன். இரண்டு நாளும் அவர் கிணறு என்றபோது மட்டும் கண்ணை மூடினார்.

அந்தத் தோட்டத்தில் இன்று கிணறு இல்லை. ஆனால் ஆலயத்தின் உடைமாற்றும் அறையில் தொங்கும் பழைய வரைபடத்தில், கிழக்கு மூலையில் கிணறு குறிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் புல் மூடிய சிறு மேடுகள் ஒரு வரிசையாக இருந்தன. இந்த வரிசையில்தான் என்று சொல்ல முடிந்தது. இந்த மேடுதான் என்று சொல்ல முடியவில்லை. தெரிந்ததற்கு மேல் ஒன்றும் நான் சொல்லவில்லை.

அவர் வீடு திரும்பிய பின்பு, ஒரு வேனில் இருவரையும் அழைத்துச் சென்றோம். அந்த அம்மாள் வரிசை முழுவதும் மெதுவாக நடந்தார். ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் பூ வைத்தார். “எது எம்புள்ளன்னு தெரியாட்டி என்ன, எல்லாம் ஒரு தாய் பெத்ததுதானே” என்றார். சக்கர நாற்காலியில் இருந்த அவர் கணவர் இடது கையால் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சபை ஆயரின் அனுமதியோடு பதிவேட்டின் ஓரத்தில், பழைய எழுத்தை அழிக்காமல், கண்டறிந்த விவரத்தையும் இன்றைய தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். மற்ற இரண்டு குழந்தைகளின் வரிகள் இன்னும் கோடாகவே இருக்கின்றன. அவர்களுடைய தாய்மாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

7. சபைகள் செய்யக்கூடியவை

ஒன்று: வயதானவர்களை முதலில் கேளுங்கள். கல் காத்திருக்கும், மனுஷர் காத்திருக்கமாட்டார்கள்.

இரண்டு: கல்லறைத் தோட்டத்துக்கு வரைபடம் வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுங்கள். இடப்பற்றாக்குறையால் பழைய குழியைத் திறக்கும் சபைகள், திறக்குமுன் அங்கே இருப்பவர் யாரென்று பதிவு செய்யுங்கள்.

மூன்று: பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து, ஒரு நகலை வேறிடத்தில் வையுங்கள். பூச்சியும் மழையும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நான்கு: இன்று மரிக்கிறவர்களின் விவரத்தை முழுவதும் எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாட்களுக்குள் பதியவேண்டும். இறந்தே பிறந்த குழந்தையும் அதில் சேரும். மருத்துவமனையில் நிகழ்ந்தால் மருத்துவமனையே தகவல் கொடுக்கவேண்டும். அரசாங்கப் பதிவு இருக்கிறதே என்று சபைப் பதிவேட்டில் கோடு கிழிக்காதேயுங்கள். தாயின் பெயரையும் இடத்தையும் எழுதுங்கள்.

சிந்திக்க:

அ) யோசியாவுக்குப் பதில் சொன்ன ஊராரைப்போல, நம் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல நம் சபையில் யார் இருக்கிறார்கள்?

ஆ) நம் குடும்பத்தில் பெயர் சொல்லப்படாமல் போன பிள்ளை யார்? அவருடைய இடம் யாருக்குத் தெரியும்?

இ) நம் தோட்டத்தில் கல் இல்லாதவர்களில் ஒருவரையாவது இந்த ஆண்டு பதிவேட்டில் தேடிக் காண்போமா?

அந்தப் பதிவேட்டில் பேனாவினால் ஒரு கோடு கிழிக்க எனக்கு ஒரு விநாடி ஆகியிருக்கும். அதை நிரப்ப 35 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆண்டவர் தம்முடையவர்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார். அவருக்குப் பதிவேடு தேவையில்லை. நமக்குத் தேவை. நாம் மறக்கிறவர்கள்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
மருத்துவமனை ஆயர்,
ஓரிக்கை